மகன் வாசிக்கும் யுத்தக் கதை

தாய்மார்களே! பாடப் புத்தகத்துக்குள் மறைத்து மகன் வாசிக்கும் யுத்தச் சித்திரக் கதையைப் பறித்து வீசுமுன், நீங்களும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சண்டை உண்டு, வெற்றி உண்டு. பயிற்சியில் படும் பாடும் உம்மாவின் கண்ணீரும் இராது.

விதிவிலக்கும் உண்டு. பாட் மில்ஸ் எழுத, ஜோ கொஹூன் வரைந்த 'சார்லியின் யுத்தம்' 1979இல் இங்கிலாந்தின் 'பேட்டில்' வார இதழில் தொடங்கியது. 16 வயதுச் சார்லி, வயதை மறைத்து முதலாம் உலகப் போருக்குப் போகிறான். அங்கே கண்டது சேறும் எலியும் நண்பர்களின் சாவும்தான்.

தியத்தலாவைப் பயிற்சி முகாம்களால் பட்டாளச் சீருடை நம் ஊவாப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆனால் பயிற்சி என்பது துப்பாக்கி பிடிப்பது மட்டுமா? கேள்வி கேளாமல் கட்டளைக்குப் பணியப் பழக்குவதும்தான். பிஞ்சு மனம் அதற்குச் சீக்கிரம் வசப்படும். அதனால்தான் 18 வயதுக்குக் குறைந்தோரைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கக் கூடாது என்ற உடன்படிக்கையை ஐ.நா. சபை 2000 மே மாதம் ஏற்றது.

அதே ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் கும்பலொன்று புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞரைக் கொன்றது. புலிகள் இயக்கத்தில் சிறுவயதிலேயே சேர்க்கப்பட்டோரும் அம்முகாமில் இருந்தனர். அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள்.

ஆகவே, புத்தகத்தைத் தடுக்காதீர்கள். "இவனுக்கு என்ன வயது? இவனை அனுப்பியது யார்? வீட்டில் யார் காத்திருக்கிறார்?" என்று மகனிடம் கேளுங்கள். பதிலை அவனே தேடட்டும்.