கண்டு சொல்லும் வண்டி

சென்ற மாதம் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலை மேல் ஏறி, வாசலூர்பட்டி ஏரிக்கரையில் அரை நாள் அமர்ந்திருந்தோம். உடன் வந்த என் தமக்கை மகன் யுத்தக் கதைகளில் பித்துக் கொண்டவன். "மாமா, இந்த மலையில் ஒளிந்து வேவு பார்க்க ஆயிரம் மரமுண்டு. மரமே இல்லாத பாலைவனத்தில் வேவுக்காரன் எங்கே ஒளிவான்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. பாலைவனத்தில் அவன் ஒளிவதில்லை, ஓடுகிறான். வேவு பார்க்கும் கவச மோட்டாருக்கு வேகமே முதல் கவசம். தூரத்தில் எழும் புழுதியைக் கண்டு, எத்தனை வண்டிகள், எத்திசை என்று கணித்து, ரேடியோவில் சொல்லிவிட்டு விலகுவதே அதன் தொழில்.

1939 செப்டம்பர் 3-ம் தேதி, இந்தியர் எவரையும் கலக்காமல் வைஸ்ராய் லின்லித்கோ நம் நாட்டை யுத்தத்தில் இழுத்துவிட்டார். அதன்பின் ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலையின் உருக்குத் தகடுகளைக் கனடா நாட்டுப் போர்டு வண்டிகளின் அடிச்சட்டத்தில் பூட்டி, 4,000-க்கும் அதிகமான கவச வண்டிகள் இந்தியாவில் செய்யப்பட்டன. 'டாட்டாநகர்' என்றே அவற்றுக்குப் பெயர். வட ஆப்பிரிக்க மணலிலும் அவை ஓடின. தகட்டின் கனம் 14 மில்லிமீட்டர்தான். துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும். பீரங்கிக் குண்டைத் தடுக்காது. ஆயுதமோ ஒரு பிரென் இயந்திரத் துப்பாக்கியும், பாய்ஸ் என்னும் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியும். டாங்கிகளின் கவசம் தடிக்கத் தடிக்கப் பாய்ஸ் பயனற்றுப் போயிற்று.

பெரிய பீரங்கியை ஏற்றினால் என்ன? பாரம் கூடும், சக்கரம் மணலில் புதையும், வேகம் போய்விடும். ஜெர்மானியரின் வேவு வண்டிகளிலோ 20 மில்லிமீட்டர் பீரங்கி இருந்தது. அதற்கு ஈடுகொடுக்க, இத்தாலியரிடம் பறித்த பிரெடா பீரங்கிகளைப் பிரிட்டிஷ் தரப்பினர் தங்கள் வண்டிகளில் பூட்டிக்கொண்டதுண்டு. எனினும் வேவு வண்டியின் தலையாய ஆயுதம் ரேடியோவே.

அந்த ஆயுதம் பழுதின்றி வேலை செய்த ஓர் இரவு உண்டு. 1942 மே 26-ம் தேதி, லிபியாவில் ரோமலின் பெரும்படை தெற்கே சுற்றிவரப் புறப்பட்டது. தென்னாப்பிரிக்கக் கவச மோட்டார்கள் இரவு முழுவதும் அதைத் தொடர்ந்து சென்று செய்தி அனுப்பின. ஆனால் முக்கியத் தாக்குதல் வேறிடத்தில் வரக்கூடும் என்று எண்ணிய மேலிடம் விரைந்து செயற்படவில்லை. மறுநாள் காலை, பிர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே அப்போதுதான் வந்து அரண் அமைத்துக்கொண்டிருந்த 3-வது இந்திய மோட்டார் பிரிகேடின் மேல் டாங்கிகள் பாய்ந்தன. நம்மவர் 25 பவுண்டர் பீரங்கிகளால், நேருக்கு நேர் டாங்கிகளைச் சுட்டார்கள். பல டாங்கிகள் எரிந்தன. ஆயினும் பிரிகேடு சிதைந்தது. மாண்டோரும் சிறைப்பட்டோரும் நூற்றுக்கணக்கானோர்.

அங்கே பீரங்கிப் பிரிவொன்றை நடத்தியவர் நம் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்தவர். சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாயிருந்த டாக்டர் சுப்பராயனின் புதல்வர் பி. பி. குமாரமங்கலம். அன்றைய வீரத்துக்காக டி.எஸ்.ஓ. விருது பெற்றார். யுத்தக் கைதியாக இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அடைபட்டுக் கிடந்தார். பின்னர் 1966 முதல் 1969 வரை சுதந்திர இந்தியாவின் தரைப்படைத் தளபதியாக விளங்கினார்.

"அப்படியானால் குற்றம் மெல்லிய தகட்டின் மேல் இல்லையா?" என்றான் பையன்.

இல்லை, அப்பா. மெல்லிய தகட்டுக்குள் இருந்தவன் உயிரைப் பணயம் வைத்துத் தன் கடமையைச் செய்தான். கண்டவன் சொன்னதைக் கேட்பது, கேட்க வேண்டியவன் கடமை. அவன் தவறியதற்கு விலை கொடுத்தவர்களோ, அந்த யுத்தத்துக்குச் சம்மதம் கேட்கப்படாத நாட்டின் பிள்ளைகள்.