மனு வாங்க வருகிறவர்கள் திரும்பி வரும் தேதியையும் சொல்லட்டும்

எம்.எல்.ஏ. வருகிறார், எம்.பி. வருகிறார் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனால், எங்கள் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் பெட்டிக்கடை வெள்ளைத்தாள் தீர்ந்துபோகும். எழுதத் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, மனைப்பட்டா என்று பத்து மனுவில் எட்டு மனு இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

தொகுதி உறுப்பினர்கள் ஊர் ஊராகப் போய் ஜனங்களைப் பார்ப்பது நல்ல வழக்கம். அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் மனு வாங்குவது பாதி வேலைதான். வாங்கிய மனுவுக்குப் பதிலோடு அதே ஊருக்குத் திரும்பி வருவது மீதிப் பாதி. அந்த மீதியை நான் அதிகம் பார்த்ததில்லை.

திறந்த ஜீப்பில் ஒரு வாரம் சுற்றி வரும்போது மாலை, சால்வை, மனு மூன்றும் ஒரே கையில்தான் போய்ச் சேரும். சாயங்காலம் உதவியாளர் மனுக்களைக் கட்டாகக் கட்டுவார். பிறகு லெட்டர்பேடில் 'ஆவன செய்யவும்' என்று ஒரு வரி எழுதி, கட்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போகும். அங்கிருந்து ஆர்.டி.ஓ., தாசில்தார், வருவாய் ஆய்வாளர் என்று இறங்கி, கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் மேஜைக்கு வரும். அதாவது, எந்த மேஜையில் நடக்கவில்லை என்று அந்த அம்மா ஜீப்பை எட்டிப் பிடித்து மனு கொடுத்தாளோ, அதே மேஜைக்கு. நடுவில் ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு ந.க. எண் விழும், தன் பதிவேட்டில் ஒரு வரி ஏறும். கடைசியில் 'எல். டிஸ்.' என்று முடித்துக் கட்டினால், ஒரு வருஷம் வைத்திருந்து அழித்துவிடும் வகை அது. என் போன்ற பழைய குமாஸ்தாக்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். மனு கொடுத்தவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. 'எம்.பி. கிட்டயே குடுத்துட்டேன்' என்ற நிம்மதியில் ஆறு மாதம் காத்திருப்பார்.

லெட்டர்பேடோடு வரும் மனு கட்டின் மேலே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த ஆபீஸிலும் இதுதான் நடைமுறை. ஒரே தகுதியுள்ள இரண்டு விதவைகளில் ஒருத்தி ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்க முடிந்தவள், இன்னொருத்தி அன்றைக்குக் களையெடுக்கப் போனவள். முதலாமவள் முன்னால் போனால் இரண்டாமவள் அந்த அளவுக்குப் பின்னால் போகிறாள். சிபாரிசால் பென்ஷன் கிடைத்தவரின் படம் பத்திரிகையில் வரும். வரிசையில் பின்னால் தள்ளப்பட்டவருக்குத் தான் தள்ளப்பட்டதே தெரியாது.

கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் சுமார் 15 லட்சம் வாக்காளர்கள். குன்னம் பெரம்பலூர் மாவட்டம். அரியலூரும் ஜெயங்கொண்டமும் அரியலூர் மாவட்டம். புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் நம் மாவட்டம். ஒரு எம்.பி.க்கு மூன்று கலெக்டர்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம், நாளைக்கு எட்டு மணி நேரம் என்று உட்கார்ந்தாலும் 96 பேரைத்தான் பார்க்கலாம். டெல்லிக்கே போகாமல் வருஷம் 365 நாளும் உட்கார்ந்தாலும் எல்லோரையும் பார்த்து முடிக்க 42 வருஷத்துக்கு மேல் ஆகும். இதே தொகுதியில் 2019-ல் ஜெயித்த வித்தியாசம் வெறும் 3,219 ஓட்டு. அப்படியிருக்க, எந்த உறுப்பினர்தான் 'இந்த மனுவைத் தாலுகா ஆபீஸில் கொடுங்கள்' என்று சொல்லத் துணிவார்? வாங்கிக்கொள்ளத்தான் செய்வார்.

இதைவிட ஒழுங்கான முறை நம்மிடம் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. ஜமாபந்தியைச் சொல்கிறேன். எந்த பிர்க்காவுக்கு எந்தத் தேதி என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். கிராமக் கணக்குகள் எல்லாம் மேஜைமேல் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் அதிகாரி எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். கணக்கைப் பார்த்து 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ சொல்ல முடியும். 'இல்லை' என்பதும் ஒரு பதில்தானே. ஏழைக்குப் பெரிய நஷ்டம் பதிலே வராமல் அலைவதில்தான் இருக்கிறது. ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போயிற்று.

அதனால்தான் 2025 ஜூலை 15 அன்று நம் சிதம்பரத்தில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களை முதலமைச்சர் தொடங்கி வைத்தபோது, மாநிலம் முழுக்க 10,000 முகாம் என்ற எண்ணிக்கையைவிட, 45 நாளில் தீர்வு என்று சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எந்தக் கட்சி ஆண்டாலும் சரி, நாள் குறித்துச் சொல்லிவிட்டால் பிறகு 'என்ன ஆச்சு?' என்று கேட்கிற உரிமை மனுதாரருக்கு வந்துவிடுகிறது.

தனிநபர் மனுக்களுக்கு இப்படி முகாமும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டமும், 1100 தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அப்படியானால் உறுப்பினர் சுற்றுப்பயணத்தில் எதைக் கேட்க வேண்டும்? எந்தத் தாசில்தாராலும் தீர்க்க முடியாததைக் கேட்க வேண்டும். கொள்ளிடத்தில் தண்ணீர் பெருகினால் திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டப்பட்டினம் ஆகிய ஊர்கள் தீவாகிவிடுகின்றன. 2018-லும் 2022-லும் பார்த்தோம். அங்கே வீட்டுக்கு ஒரு மனு வாங்கி என்ன பயன்? அது ஊர் முழுவதற்குமான பிரச்சினை, சட்டசபையில் பேச வேண்டியது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் வளையமாதேவியில், பச்சையாக நின்ற நெற்பயிருக்கு நடுவே என்.எல்.சி. கால்வாய் வெட்ட பொக்லைன் இறங்கியது. நிலம் முன்பே எடுத்ததுதான் என்றது நிறுவனம். இழப்பீடும் வேலையும் போதவில்லை என்றார்கள் விவசாயிகள். அது மத்திய அரசு நிறுவனம். கேள்வி எழுப்ப வேண்டிய இடம் டெல்லி. இதற்காகத்தான் நாம் ஒருவரை அங்கே அனுப்புகிறோம், பென்ஷன் மனுவுக்கு மேலுறை எழுத அல்ல.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1789-ஆம் வருஷத்துப் பாடத்தில் 'காயே த தொலேயான்ஸ்' என்று ஒன்று வரும். குறைகளின் நோட்டுப் புத்தகம் என்று அர்த்தம். பிரான்ஸ் ராஜா சபையைக் கூட்டியபோது, ஒவ்வொரு ஊரும் கூடிப் பேசி, வரிச்சுமை முதல் தன் குறைகளை எல்லாம் ஒரே நோட்டில் எழுதிப் பிரதிநிதிகளிடம் கொடுத்தது. ஆளுக்கு ஒரு மனு இல்லை, ஊருக்கு ஒரு நோட்டு. அதே பிரான்ஸில் 2018 கடைசியில் மஞ்சள் சட்டைக்காரர்கள் கிளர்ச்சி வந்ததும் நகராட்சி ஆபீஸ்களில் மறுபடி நோட்டு வைத்தார்கள். ஜனங்களும் எழுதித் தள்ளினார்கள். பிறகு? அவை மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குப் போய்க் கிடந்தன. எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று 2025 மார்ச்சில் அவர்கள் நாடாளுமன்றமே தீர்மானம் போட வேண்டியிருந்தது. எழுதி வாங்குவது எங்கேயும் சுலபம், பதில் சொல்வதுதான் எங்கேயும் கஷ்டம் என்று தெரிகிறது.

நம் ஊர் நோட்டு கிராம சபைத் தீர்மானப் புத்தகம். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் போட்ட தீர்மானங்களை யார் திரும்பிப் படிக்கிறார்கள்? நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. உள்ளூரில் சொல்லி முறையிடத் தலைவர் இல்லாத காலத்தில் எம்.எல்.ஏ.வின் காது இரட்டிப்பு முக்கியமாகிவிடுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் மூன்றுதான். தனிநபர் மனு வாங்கினால் அந்த இடத்திலேயே எண் போட்ட ரசீது கொடுங்கள். ஊருக்குள் நுழையும் முன் கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டுப் படியுங்கள். கிளம்பும்போது, 'இன்ன மாதம், இன்ன தேதி திரும்பி வருவேன், எது ஆச்சு எது ஆகலை என்று சொல்வேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி தொகுதி நிதி இருக்கிறதே, அது எங்கே போயிற்று என்ற பட்டியலையும் அன்றைக்கே படித்துக் காட்டலாம்.

'ஆகவில்லை என்று வந்து சொன்னால் ஓட்டுப் போடுவார்களா?' என்று கேட்பீர்கள். ஜனங்கள் முடியாததை முடியாது என்று சொன்னவரை மறப்பதில்லை. தலையாட்டிவிட்டுக் காணாமல் போனவரையும் மறப்பதில்லை.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸில், குறைதீர் நாளன்றே, கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீ வைத்துக்கொண்டார். நால்வரும் இறந்தார்கள். முன்பே பலமுறை மனு கொடுத்திருந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பிறகு கலெக்டர் ஆபீஸ் வாசல்களில் போலீஸ் பையைப் பிரித்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. சோதனை தேவைதான். ஆனால் அந்தப் பையில் இருக்கும் காகிதத்தில் எத்தனையாவது முறை என்று எழுதியிருக்கிறது என்பதையும் யாராவது பார்க்க வேண்டும்.

அடுத்த முறை உங்கள் தெருவுக்கு ஜீப் வந்தால், மனுவைக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, 'ஐயா, மறுபடி எப்ப வருவீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.