அரிசியில் தப்பில்லை, அட்வைஸில்தான் தப்பு

போன செமஸ்டர் வைவாவில் நான் 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று சொல்லப்போக, கேள்வி கேட்டவர் சிரித்துவிட்டார். சொன்ன கணக்கெல்லாம் சரி, அந்த ஒரு 'ஸ்' தான் மானத்தை வாங்கியது. சிரித்ததில்கூட வருத்தமில்லை. "அது எண்ண முடியாத பெயர்ச்சொல்ப்பா, ப்ளூரல் வராது" என்றாரே, அந்த விளக்கத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

'மணி'யும் அந்த லிஸ்ட்டில்தான் இருக்கிறது. பி.காம் படிக்கிறவனிடம் வந்து பணத்தை எண்ண முடியாது என்றால் எப்படி? (கையில் இல்லாததால் எண்ண முடியாது என்றால் ஒத்துக்கொள்கிறேன் :-)) பேப்பரைப் பாருங்கள். வெள்ளைப் பேப்பரை எண்ணக் கூடாதாம், 'ஷீட்' தான் எண்ண வேண்டுமாம். அரியர் பேப்பரை மட்டும் தாராளமாக எண்ணலாம்!

கவனித்துப் பாருங்கள், 'ரைசஸ்' என்று எங்க அனந்தபுரத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தமிழிலேயே 'அரிசிகள்' கிடையாதே. ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால் என்று அளக்கிற பாத்திரத்தைத்தான் எண்ணினோம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் கொண்டுபோகிறவரைக் கேளுங்கள், எத்தனை மூட்டை என்றுதான் சொல்வார். பூ என்றால் முழம். 'டூ கிலோஸ் ஆஃப் ரைஸ்' என்பதும் இதே சமாச்சாரம்தான், நடுவில் ஒரு 'ஆஃப்' கூடுதல், அவ்வளவே.

அப்போ நாம் தடுக்கி விழுவது எங்கே? தகவல்கள், அறிவுரைகள், செய்திகள், கருவிகள், வீட்டுப்பாடங்கள்... தமிழில் தாராளமாக 'கள்' போடுகிற இடங்களில்! அதனால்தான் ஊருக்கு ஊர் 'ஃபர்னிச்சர்ஸ்' போர்டு. பிரெஞ்சுக்காரர்கள்கூட தகவலையும் அறிவுரையையும் பன்மையில் சொல்கிறார்கள். ஆக, பொருளை எண்ண முடியுமா முடியாதா என்பதல்ல விஷயம். அது இங்கிலீஷின் பழக்கம், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், வகுப்பில் அரிசி, தண்ணீர், சர்க்கரை என்று பயிற்சி கொடுப்பதே வீண் வேலை. அதெல்லாம் நமக்குத் தானாக வரும். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க் என்று நம்மை மாட்டிவிடுகிற வார்த்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 'எ பீஸ் ஆஃப்' போட்டுப் பழக்கினால் போதும்.

நம்ம டிபார்ட்மென்ட்காரர்களுக்கு மட்டும் ஒன்று. 'டேமேஜ்' என்றால் சேதம், 'டேமேஜஸ்' என்றால் நஷ்டஈடு. 1872-ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவுக்கு விடை எழுதும்போது அந்த 'ஸ்'ஸை விட்டீர்கள் என்றால், பாவம், பாதிக்கப்பட்டவனுக்கே இன்னொரு சேதத்தைக் கொடுக்கச் சொல்லிவிடுவீர்கள்.