தாகத்தை அமுக்க முடியுமா?

கோடையில் தாகம் என்றால் என்ன என்று திசையன்விளைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். தேரி மணல் கொதிக்கும்போது பதநீர், நுங்கு, ஒரு சொம்பு தண்ணீர் என்று எதையாவது குடித்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். டயாலிசிஸில் இருக்கும் குழந்தைக்கு அந்த வழி இல்லை. சிறுநீர் போகாத குழந்தை குடிக்கும் தண்ணீர் அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே தங்கும். முகம் வீங்கும், ரத்த அழுத்தம் ஏறும், நுரையீரலில் நீர் கோர்த்தால் மூச்சு திணறும். அதனால்தான் டாக்டர் அளந்து கொடுக்கச் சொல்கிறார். சின்னப் பிள்ளைக்கு நாளுக்கு அரை லிட்டர்கூடக் கிடைக்காமல் போகலாம்.

இந்தத் தாகத்துக்கு அக்குபிரஷர் உதவும் என்கிறார்கள். சும்மா தள்ளிவிட முடியாது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் தைவானில் செய்து 2010-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தாடைக்குக் கீழேயும் காது மடலுக்குப் பின்னாலும் உள்ள புள்ளிகளை அமுக்கியதில் உமிழ்நீர் கூடி, தாகம் குறைந்தது. ஆனால் அவர்கள் பெரியவர்கள், குழந்தைகள் அல்ல.

என் கட்சி இதுதான்: அமுக்கலாம், ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை உப்பைக் குறைப்பது.

வாய் வறட்சி வேறு, தாகம் வேறு. உமிழ்நீர் ஊறினால் வறட்சி அடங்கும். ரத்தத்தில் உப்பு ஏறினால் மூளையே தண்ணீர் கேட்கும். அதை அமுக்கி நிறுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அந்தக் கணக்குப்படி 3 கிராம், அதாவது அரை டீஸ்பூன் உப்பு கூடுதலாக உள்ளே போனால், உடம்பு சுமார் 330 மில்லி தண்ணீர் கேட்கும். அரை லிட்டரில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்! கருவாடு, அப்பளம், ஊறுகாய், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் கொடுத்துவிட்டு "தண்ணி கேக்காத" என்று பிள்ளையைத் திட்டுவது அநியாயம் இல்லையா? இந்துப்பு நல்லது என்று மாற்றிக்கொள்வதிலும் பயனில்லை, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான். இளநீர் இன்னும் ஆபத்து. அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கும்.

அமுக்குவதிலும் கவனம் வேண்டும். ஃபிஸ்டுலா போட்ட கையைத் தொடக்கூடாது. பல குழந்தைகளுக்குக் கழுத்தில்தான் டயாலிசிஸ் குழாய் இருக்கும், மேலே சொன்ன புள்ளிகளும் அங்கே பக்கத்தில்தான். டாக்டரிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம். "மாத்திரை வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம், தொட்டே குணமாக்குகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் உட்காரவே வேண்டாம். அது உயிர் போகிற விஷயம்.

அப்புறம் எதற்கு அக்குபிரஷர் என்று கேட்கலாம். பாளையங்கோட்டையில் டயாலிசிஸ் முடிந்து வெயிலில் பஸ் ஏறி வரும் பிள்ளை "தண்ணி" என்று கேட்கும்போது, "கூடாது" என்ற ஒரு சொல் தவிர அந்த அம்மாவிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. ஒரு ஐஸ் துண்டு, வாய் கொப்பளிக்க ஒரு மடக்கு, காதுக்குப் பின்னால் மெதுவாக ஒரு விரல்... இவை எல்லாம் சேர்ந்தால் கொஞ்சம் ஆறுதல். ஒவ்வொரு முறையும் எடை பார்க்கிறார்கள். "தாகம் எப்படிம்மா இருக்கு?" என்றும் அந்தப் பிள்ளையிடம் கேட்டால் என்ன?