இருபது நிமிடக் கணக்கு

நகரத்தில் தீப்பிடித்தால் ஐந்து நிமிடத்துக்குள் தீயணைப்பு வண்டி போய்ச் சேர வேண்டும். கிராமம் என்றால் இருபது நிமிடம். மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த கணக்கு இது. சமவெளியில் உட்கார்ந்து போட்ட கணக்கு என்பது ஹிமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்துக்குப் போனால் புரியும்.

2008 ஜனவரியில் அங்குள்ள மலானா கிராமத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. ஊரே கட்டுப்பட்டு நடக்கும் ஜம்லு தேவதையின் பழைய கோயிலும் தப்பவில்லை. நீர்மின் திட்டத்தின் புண்ணியத்தில் பள்ளத்தாக்கு வரை சாலை வந்திருந்தது. அதற்கு மேல் மலையேற வேண்டும். மனிதன் ஏறுவான், கழுதை ஏறும், தண்ணீர் வண்டி ஏறாது. 2021 அக்டோபரில் அதே ஊரில் மறுபடியும் தீ. இடையில் 2015 நவம்பரில் பஞ்ஜார் வட்டாரத்தின் கோட்லா கிராமம் எரிந்தது. 2025 புத்தாண்டு நாளில் அதே வட்டாரத்தில் தாண்டி.

இந்த ஊர்களின் வீடுகள் அழகானவை. தேவதாரு மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கி, சாந்து பூசாமல் கட்டும் 'காட்குனி' வீடுகள். நிலநடுக்கம் வந்தால் ஆடி நிற்கும். நெருப்புக்கு மட்டும் தாங்காது. கீழே மாடு, மேலே மனிதர், மாடத்தில் குளிர்காலத்துக்குச் சேர்த்த வைக்கோலும் விறகும். ஊரும் ஊரும் மைல் கணக்கில் தள்ளி நிற்கும். ஊருக்குள்ளோ கூரையும் கூரையும் உரசிக்கொண்டிருக்கும். நிலையத்திலிருந்து வண்டி வர ஆகும் நேரத்தில் ஒரு வீட்டுத் தீ தெருத் தீயாகிவிடுகிறது. போதாததற்கு, ஜனவரியில் உயரமான ஊர்களில் தண்ணீர் உறைந்து கிடக்கும்.

தாமதத்தின் விலை வெந்த வீடுகளோடு நிற்பதில்லை. தீயணைப்பு வீரரின் உடம்பிலும் அது எழுதப்படுகிறது. அமெரிக்காவில் ஒரே அளவுள்ள இரண்டு அறைகளுக்குத் தீ வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். பழைய மர, பருத்திச் சாமான்கள் இருந்த அறை முழுவதுமாகப் பற்றிக்கொள்ள ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. நுரை மெத்தையும் பிளாஸ்டிக்கும் நிறைந்த அறை ஐந்து நிமிடத்துக்குள் பற்றிக்கொண்டது. அப்படி அறை மொத்தமும் ஒரே மூச்சில் எரியத் தொடங்கிய பின் உள்ளே இருப்பவருக்குச் சில விநாடிகள்தான், பாதுகாப்பு உடை போட்டிருந்தாலும். முன்பே வந்தவர் அணைப்பது சிறு நெருப்பு. பிந்தி வந்தவர் நுழைவது உத்தரம் வெந்து, கூரை சரியக் காத்திருக்கும் வீடு. எரிவாயு சிலிண்டர் எந்த மூலையில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. பிந்திவிடக் கூடாதென்று மலைப்பாதையில் விரைவதும் ஆபத்துதான். பெரிய வண்டி, டன் கணக்கில் குலுங்கும் தண்ணீர், கொண்டை ஊசி வளைவு.

நாட்டின் நினைவில் நிற்கும் தீயணைப்பு மரணங்கள் பெரும்பாலும் நகரத்து மரணங்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த கப்பல் 66 தீயணைப்பு வீரர்களைக் கொன்றது. அந்த நாளில்தான் ஆண்டுதோறும் தீயணைப்புப் படை தினம் அனுசரிக்கப்படுகிறது. 2015 மே மாதம் மும்பை கால்பாதேவியில் கட்டடம் சரிந்ததில் தலைமைத் தீயணைப்பு அதிகாரி உட்பட நால்வர் பலியானார்கள். மலைக்காட்டில் நெருப்போடு போராடுபவருக்கோ பல நேரம் சீருடைகூட இருப்பதில்லை. 2024 ஜூனில் உத்தராகண்டின் பின்ஸர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் நால்வர் கருகி இறந்தார்கள். மேலும் நால்வர் தீக்காயங்களோடு தில்லிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

சட்டமும் கிராமத்தை மறந்துதான் இருக்கிறது. 1992ல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தங்கள் நகராட்சிகளுக்கான 12வது அட்டவணையில் தீயணைப்பைச் சேர்த்தன. பஞ்சாயத்துகளுக்கான 11வது அட்டவணையில் 29 பொறுப்புகள் உண்டு. மீன் வளர்ப்பு உண்டு, நூலகம் உண்டு, சந்தையும் திருவிழாவும்கூட உண்டு. தீயணைப்பு இல்லை. கிராமத்தில் நெருப்பே பிடிக்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

அமெரிக்கர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் வெளிப்படையாக இருக்கிறார்கள். அங்கே தொண்டர் படைகளுக்கான விதி, கிராமப்புறத்துக்கு 14 நிமிடத்தில் ஆறு பேர் என்கிறது. நிலையத்திலிருந்து எட்டு மைலுக்கு அப்பால் என்றால் நேரமே குறிப்பிடுவதில்லை. தூரத்தைப் பொறுத்தது என்று விட்டுவிடுகிறது. அந்தத் தூரத்தில் வசிப்பவர்கள் முதல் கால் மணி நேரத்தைத் தாங்களே சமாளிக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

15வது நிதிக் குழுவின் பரிந்துரைப்படி, தீயணைப்புச் சேவையை விரிவாக்க மத்திய அரசு 2023ல் 5,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. பணம் வந்தால் முதலில் கண்ணில் படுவது பெரிய சிவப்பு வண்டிதான். மலானாவுக்குத் தேவையானதோ இருவர் தூக்கிச் செல்லும் பம்பு, உறையாதபடி மண்ணுக்குள் புதைத்த தொட்டி, அதை இயக்கப் பழகிய பத்து இளைஞர்கள். வீட்டு மாடத்திலிருக்கும் வைக்கோலை ஊருக்கு வெளியே வைக்க ஓரிடமும் வேண்டும். ஆனால் அங்கே ஆளுயரப் பனியில் நடந்துபோய்த் தினமும் மாட்டுக்கு வைக்கோல் எடுத்துவரப் போவது பெரும்பாலும் பெண்கள். அவர்களைக் கேட்காமல் அந்த இடத்தை முடிவு செய்ய முடியாது.