கையெழுத்து வைக்காத அப்பா

டிசம்பர் நடுப்பகுதி வந்தால் எங்கடை ஆக்களின் வீடுகளில் ரெலிபோன் ஓயாது. "பிள்ளைக்கு ஏர்லியிலேயே கிடைச்சிட்டுதாம்" என்பதுதான் செய்தி. கோயிலில் ஒரு அர்ச்சனை, பிறகு வீட்டில் கேக் வெட்டு. அந்தப் பிள்ளைகளில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அந்த 'ஏர்லி'க்காகத் தாங்கள் என்ன கடுதாசியில் கையெழுத்து வைத்தோம் என்று பெற்றோரைக் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. இன்றைக்கு அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் இல்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இங்கே 12ஆம் வகுப்புப் பிள்ளைகள் வழமையாக ஜனவரி தொடக்கத்தில் விண்ணப்பிப்பார்கள். மார்ச் கடைசியில் முடிவு வரும். மே 1க்குள் ஒரு இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். இதற்கு முந்திப் போடும் வழிகள் முக்கியமாக இரண்டு. ஏர்லி அக்சன் என்றால், கிடைத்தாலும் போகத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மற்றது ஏர்லி டிசிசன். ஒரே ஒரு இடத்துக்குத்தான் அப்படிப் போடலாம். கிடைத்தால் அங்கேதான் போக வேண்டும், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் மீளப் பெற்றுவிட வேண்டும். பிள்ளை, பெற்றோர், பள்ளிக்கூட ஆலோசகர் என்று மூன்று பேரும் இதற்குக் கையெழுத்து வைக்க வேண்டும்.

2017 ஒக்டோபரில் ஒரு நாள், நான் இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருக்க, மகள் கொம்பியூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அப்பா, இதிலை உங்கடை பேரை அடிச்சு விடுங்கோ. நவம்பர் ஒண்டுக்கு முதல் போக வேணும்."

"வருசத்துக்கு எவ்வளவு பிள்ளை?"

"அது பிறகுதான் தெரியும்."

"பிறகெண்டால்?"

"கிடைச்சாப் பிறகு."

திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கவே என் அம்மா மூன்று பேரிடம் விலை கேட்பா. அப்போது இங்கே தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஒரு வருடச் செலவு 70 ஆயிரம் டொலருக்குக் கிட்ட.

எனக்குக் கையெழுத்து என்றால் பயம். 90களின் நடுவில் இந்த நாட்டில் அகதி விண்ணப்பம் போட்டபோது, ஐ-589 என்ற படிவத்தை ஒருவர் எனக்காக ஆங்கிலத்தில் நிரப்பித் தந்தார். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருந்தது. கையெழுத்து வைத்துவிட்டேன். நான் பிடிபட்ட மாதத்தை அவர் பிழையாக எழுதியிருந்தார். பிறகு நீதிபதிக்கு முன்னால் அந்த ஒரு மாதத்துக்காக நான் பட்ட பாட்டை இன்னொரு நாள் எழுதுகிறேன். அன்று தொடக்கம் முழுதாக வாசிக்காமல் எதிலும் பேர் எழுதுவதில்லை. மகளின் கடுதாசியை இரண்டு தரம் வாசித்தேன். வேலைக்கும் பிந்திப் போனேன்.

"காசு காணாட்டி விட்டிடுவினம் அப்பா" என்றாள். அது உண்மைதான். உதவிப்பணம் போதாது என்றால் அந்தக் கட்டாயத்தில் இருந்து விடுவிப்பார்கள். ஆனால் எங்களால் எவ்வளவு கட்ட ஏலும் என்று கணக்குப் போடுவது கல்லூரி. நான் மாதாமாதம் ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பும் காசுக்கு அரச உதவிப்பணப் படிவத்தில், அதுதான் ஃபாஃப்சாவில், ஒரு பெட்டியும் இல்லை. எங்களோடு ஒரே வீட்டில் இல்லாத அம்மாவைக் குடும்பக் கணக்கில் சேர்க்கவும் ஏலாது. அப்படியே விடுபட்டாலும் அது டிசம்பர் நடுப்பகுதி. மற்ற இடங்களுக்குப் போட இரண்டு மூன்று கிழமைதான் மிச்சம். எல்லாவற்றையும் விட, "அங்கே இவ்வளவு தருகிறார்கள்" என்று காட்ட எங்கள் கையில் வேறு கடிதம் இருக்காது.

முந்திப் போட்டால் வாய்ப்புக் கூட என்பது வெறும் கதை இல்லை. 2003இல் ஹார்வர்ட் அச்சகம் வெளியிட்ட ஒரு ஆய்வு நூல், 14 பெரிய கல்லூரிகளின் விண்ணப்பங்களைப் பார்த்து, முந்திப் போடுவது எஸ்.ஏ.ரி பரீட்சையில் 100 புள்ளி கூட எடுத்ததற்குச் சமம் என்று சொன்னது. அந்த 100 புள்ளி, விலை கேட்கத் தேவையில்லாத வீட்டுப் பிள்ளைக்கு! ஹார்வர்டும் பிரின்ஸ்ரனும் இது வசதி உள்ளவர்களுக்கே உதவுகிறது என்று சொல்லித்தான் 2006இல் முந்திய அனுமதியை நிறுத்தின. மற்ற இடங்களில் பெரும்பாலானவை பின்னால் வரவில்லை. 2011இல் இவர்களும் திரும்பக் கொண்டுவந்தார்கள். கட்டாயம் இல்லாத வடிவில்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் மாட்டேன் என்றேன். மகள் அழவில்லை. "உங்களுக்கு யூனிவேர்சிட்டி கிடைக்கேல்லை எண்டதுக்காக..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

நான் ஏ.எல் எடுத்தது 1986இல். எங்கள் அண்ணாமாருக்குத் தரப்படுத்தல். எங்களுக்கு மாவட்டக் கோட்டாவும் சண்டையும். அங்கே முதலில் பரீட்சை, பிறகு முடிவு, பிறகு விண்ணப்பம், பிறகு வெட்டுப்புள்ளி. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்துடன் சண்டை தொடங்கியபோதும் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். காத்திருந்தே கெட்டவன், பிள்ளையையும் காத்திரு என்கிறேன். அவள் சொல்ல வந்தது அதுதான். அவளில் பிழை இல்லை.

அவள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஏர்லி அக்சனில் போட்டாள். மற்றவைக்கு ஜனவரியில் போட்டாள். ஏப்ரல் தொடக்கத்தில் குசினி மேசையில் மூன்று கடிதங்களை விரித்து வைத்து, கொப்பியில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தோம். கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையில் வருடத்துக்கு 14 ஆயிரம் டொலர் வித்தியாசம். அவள் ஆசைப்பட்ட கல்லூரி இல்லை என்று எழுதியிருந்தது. ஒக்டோபரில் நான் பேரை அடித்திருந்தால் கிடைத்திருக்குமோ? அந்தக் கேள்வி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

இப்போது மகன் 11ஆம் வகுப்பு. போன கிழமை, "எனக்கும் மாட்டன் எண்டு சொல்லுவியளோ?" என்று கேட்டான். 2011 தொடக்கம் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையத்தளத்தில் செலவுக் கணிப்பான் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் வருமானத்தைப் போட்டால் உத்தேசமாக எவ்வளவு வரும் என்று காட்டும். முதலில் அதில் கணக்குப் போட்டு அச்செடுத்துக்கொண்டு வா, பிறகு கதைப்போம் என்றேன். தொகை எங்களுக்குக் கட்டுப்படி என்றால் நானே பேரை அடிப்பேன் என்றும் சொன்னேன்.

இன்னும் கொண்டு வரவில்லை. மகள்தான் ரெலிபோன் எடுத்து, "அப்பா, அவன் மறக்கப்போறான், நீங்கள் கேளுங்கோ" என்கிறாள்.