பின் இருக்கையில் உட்கார்ந்து வேரியன்ட்டை முடிவு செய்யுங்கள்

ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் என்று பண்டிகை நெருங்கும்போதெல்லாம் தெரிந்தவர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் வருகிறது. வீட்டில் ஐந்து பேர், ஊருக்குப் போகும் சாலை மேடும் பள்ளமும், அதனால் எஸ்யூவி என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. எந்தக் கம்பெனி, எந்தக் கார் என்பதையும் முடிவு செய்திருப்பார்கள். தடுமாறுவதெல்லாம் வேரியன்ட்டில்தான். "பேஸ் மாடல் போதுமா, நடுவில் ஒன்றை எடுக்கலாமா, இல்லை டாப் எண்டுக்கே போய்விடலாமா?"

நான் சொல்லும் பதில் இதுதான்: ஸ்டீயரிங்கை விட்டு எழுந்து பின்னால் போய் உட்காருங்கள். குடும்பத்துக்கு வாங்கும் காரின் வேரியன்ட்டை அங்கிருந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

விலை ஏற ஏற எவையெல்லாம் கூடுகின்றன என்று பாருங்கள். பெரிய தொடுதிரை, டிஜிட்டல் மீட்டர், குளிர்காற்று வீசும் முன் இருக்கைகள், பட்டனை அழுத்தினால் நகரும் ஓட்டுநர் இருக்கை, வயர்லெஸ் சார்ஜர். பெரும்பாலானவை முன்னால் இருப்பவருக்கானவை. பணம் கொடுப்பவர் அங்கேதான் உட்காருகிறார் என்பது விற்பவருக்குத் தெரியும். ஆனால் அம்மா, அப்பா, பேரப்பிள்ளை என்று மூன்று பேர் பயணம் செய்வது பின்னால். அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்க ஷோரூமில் யாருக்கும் தோன்றுவதில்லை.

முதலில் ஏர்பேக். இரண்டு ஏர்பேக் என்றால் ஓட்டுநருக்கு ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று. பின்னால் இருப்பவர்களுக்கு எதுவும் இல்லை. ஆறு ஏர்பேக் உள்ள கார்களில் வழக்கமாக முன் இருக்கைகளின் பக்கவாட்டில் இரண்டும், ஜன்னல்களுக்கு மேலே திரைபோல விரியும் கர்ட்டன் ஏர்பேக் இரண்டும் சேரும். பக்கவாட்டில் லாரி மோதினால் பின்னால் இருக்கும் பாட்டியின் தலையைக் காப்பது அந்தத் திரைதான். ஆகவே, 'இரண்டா, ஆறா' என்ற கேள்விக்குப் பின் இருக்கையில் 'ஒன்றுமில்லையா, ஏதாவது உண்டா' என்று பொருள்.

அடுத்தது நடு இருக்கை. பின்னால் மூன்றாவதாக உட்காருபவருக்குத் தோளையும் இடுப்பையும் பிணைக்கும் பெல்ட் உண்டா, அல்லது இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டா? தலைக்குத் தாங்கல் உண்டா? சில கார்களில் இவை மேல் வேரியன்ட்டில்தான் வருகின்றன. நம் வீடுகளில் அந்த நடு இடத்தில் பெரும்பாலும் பிள்ளைதான் உட்காருகிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதம் சிறியது, அது எந்த ஆபத்துக்காக விதிக்கப்பட்டதோ அது பெரியது.

மூன்றாவது, ஈஎஸ்சி என்னும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. வளைவில் வண்டி வழுக்கத் தொடங்கும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து, ஸ்டீயரிங் திரும்பிய திசைக்கு அதை இழுத்து வருவது இதன் வேலை. எஸ்யூவி உயரமான வண்டி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, வால்பாறை போகும் வழியின் 40 வளைவுகளிலோ, மழை நாளில் ஐந்து பேரோடும் பெட்டிகளோடும் ஏறி இறங்கியவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இவை மூன்றையும் பிறகு வாங்கிப் பொருத்த முடியாது. இதுவே பிரித்துப் பார்க்கும் அளவுகோல். தொடுதிரை, ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா, சீட் கவர், ஜன்னல் வெயில்மறைப்பு எல்லாம் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற உதிரிகளாகவே கிடைக்கும். வாரன்ட்டி கெடாமல் அடுத்த ஆண்டு பொருத்திக்கொள்ளலாம். ஏர்பேக்கும் ஈஎஸ்சியும் வண்டி தொழிற்சாலையைவிட்டு வெளியே வரும்போதே உள்ளே இருக்க வேண்டும். பின்பக்க ஏசி துவாரமும் ஏறக்குறைய இதே கணக்கில் சேரும். மே மாதத்தில் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் பகலில் போகும் முதியவருக்கு அது சொகுசில் சேராது. ஆட்டோமேட்டிக் கியரும் அப்படித்தான். நகர நெரிசலில் கிளட்ச் மிதித்து முழங்கால் வலிப்பவர் அதற்காக ஒரு படி மேலே போகலாம், தவறில்லை.

சன்ரூஃப் பற்றி நேராகவே சொல்கிறேன். பிள்ளைகள் விரும்புகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அகன்ற சன்ரூஃப் பின்னால் இருப்பவரின் தலைக்கு மேல் உள்ள இடத்தைச் சற்றுக் குறைக்கும், நம் வெயிலில் ஏசிக்கு வேலையைக் கூட்டும். அதன் வழியே தலையை நீட்டி நிற்கும் குழந்தையை எந்த பெல்ட்டும் பிடித்திருக்கவில்லை. இந்த ஒன்றுக்காக வேரியன்ட் ஏறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இனி பணக் கணக்கு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாழ்நாள் வரி மாற்றப்பட்டது. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கும் மேல் 20 சதவீதம். கோட்டைத் தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, முழு விலைக்கும் இந்த வரி. 9.90 லட்சம் வேரியன்ட்டுக்கு வரி 1,28,700 ரூபாய். அடுத்த வேரியன்ட் 10.20 லட்சம் என்றால் வரி 1,83,600. புரோஷரில் 30,000 ரூபாயாகத் தெரியும் வித்தியாசம் ஆன்ரோடு விலையில் 84,900 ரூபாய் ஆகிவிடுகிறது. இது போக, 10 லட்சத்தைத் தாண்டினால் டிசிஎஸ் என்னும் முன்கூட்டிய வரியாக ஒரு சதவீதம் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்து வேரியன்ட்களை ஒப்பிடாதீர்கள். இரண்டுக்கும் ஆன்ரோடு விலையை எழுதி வாங்குங்கள்.

கடனில் வாங்குபவர்களுக்கு இன்னொரு கணக்கு. டாப் எண்டுக்காகக் கூடுதலாக 3 லட்சம் வாங்கினால், 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு மாதம் சுமார் 6,230 ரூபாய். கட்டி முடிக்கும்போது அந்த 3 லட்சம் 3.74 லட்சமாகியிருக்கும். வண்டியின் மதிப்பு கூடுவதால் இன்சூரன்ஸ் பிரீமியமும் கூடும். பெரிய அலாய் வீலுக்கு டயர் விலையும் கூடுதல். டயரின் பக்கச்சுவர் குறுகுவதால் பள்ளத்தின் அதிர்வு பின் இருக்கைக்கு நன்றாகவே எட்டும்.

இப்படிப் பார்த்தால் பல குடும்பங்களுக்குச் சரியான இடம் பேஸுக்கு ஒன்றிரண்டு படி மேலேதான் இருக்கிறது. ஆனால் காரைப் பொறுத்து அது மாறும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா 2024 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டபோது, ஆறு ஏர்பேக், ஈஎஸ்சி, நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் ஆகியவை பேஸ் மாடலிலேயே வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவும் அப்படியே. இப்படிப்பட்ட காரில் கையிலிருக்கும் பணத்துக்கு ஏற்ப எந்த வேரியன்ட்டையும் நிம்மதியாக எடுக்கலாம். கர்ட்டன் ஏர்பேக்குக்காக இரண்டு படி ஏறச் சொல்லும் காரென்றால், வேரியன்ட்டை அல்ல, காரையே மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

ஏனென்றால் உயிரைக் காப்பது விலை ஏணியில் ஒரு படியாக இருக்கவே கூடாது. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் வரைவை மத்திய அரசு 2022 ஜனவரியில் வெளியிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அமலாக வேண்டியது, ஓராண்டு தள்ளிப்போனது, பிறகு கட்டாயமில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். எனக்கு அது இன்றும் வருத்தம். ஆனால் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்சிஏபி மோதல் சோதனையும் வாங்குபவர்களின் விழிப்பும் அந்த இடத்தைக் கொஞ்சம் நிரப்பியிருக்கின்றன. 2025இல் மாருதி சுசூகி ஆல்டோ கே10, வேகன் ஆர் போன்ற கார்களின் எல்லா வேரியன்ட்களிலும் ஆறு ஏர்பேக் கொடுத்தது. ஆல்டோவில் முடிகிறது என்றால் எஸ்யூவியில் முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதனால் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லோரையும் அழைத்துப் போங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியன்ட்டைக் கேளுங்கள். பெரும்பாலும் டாப் எண்டைத்தான் ஓட்டக் கொடுப்பார்கள். பின்னால் மூன்று பேரும் பெல்ட் போட்டு உட்கார்ந்து பாருங்கள். நடு இருக்கைக்கு முழு பெல்ட் இல்லையென்றால், அதனால்தான் வாங்கவில்லை என்று விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் டாப் எண்டில் மட்டுமே இருந்த சன்ரூஃப் இன்று 10 லட்சத்துக்குள் கிடைக்கிறது. எல்லோரும் அதைக் கேட்டார்கள், கம்பெனிகள் கொடுத்தன. பின் இருக்கைக்காகவும் அதே பிடிவாதத்தோடு கேட்போம்.